தண்ணி இல்லாத பாலம்

2024 டிசம்பர் 23ஆம் தேதி காலை கண் விழித்ததும் போனைத்தான் எடுத்தேன். தனுஷ்கோடி புயல் அடித்து அன்றோடு 60 வருஷம். முந்தின நாள் முழுக்க எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில், புயல் நினைவுகளைச் சேர்க்க நான் இணையத்தில் வைத்திருந்த படிவத்தின் இணைப்பு சுற்றிக்கொண்டிருந்தது, தங்கச்சிமடத்தில் யாரோ போட, அது தொண்டி வரைக்கும் போய், அங்கிருந்து வளைகுடாவில் இருக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது. பெட்டியைத் திறந்தால் ஒரே ராத்திரியில் நானூற்றுச் சொச்சம் செய்திகள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அஞ்சு வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஆன்லைன் ரம்மி. ஆண்மை மாத்திரை. ஏதோ ரஷ்ய எழுத்தில் நாற்பது வரி. மறுபடியும் ரம்மி. மீனவர்களைக் கடத்தல்காரர்கள் என்று திட்டி ஒரே வாக்கியம், முப்பது வேறு வேறு பெயர்களில், ஒரு எழுத்துகூட மாறாமல். அத்தனைக்கும் நடுவில் நிஜமான மனுஷர்கள் எழுதியது ஆறே ஆறு.

இந்தப் படிவத்தை நான் வைத்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பத்தா தனுஷ்கோடிக்காரி. புயலுக்கு அப்புறம் ராமேஸ்வரம் வந்து, பிறகு தங்கச்சிமடத்தில் தங்கியது. சாகிறவரைக்கும் அந்த ராத்திரியைப் பற்றி யாரிடமும் முழுசாகப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அது போன பிறகுதான் இதே மாதிரி எத்தனை வீட்டில் எத்தனை பேர் பேசாமலே போகிறார்கள் என்று உறைத்தது. எனக்குத் தெரிந்த தொழில் கம்ப்யூட்டர். ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் நாலே நாலு கட்டம் உள்ள ஒரு படிவம் போட்டேன்: பெயர், ஊர், விருப்பமிருந்தால் போன் நம்பர், சொல்ல வேண்டியது. அனுப்பினால் உடனே எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும்.

அந்த 'உடனே' தான் நான் செய்த முதல் தப்பு. அன்றைக்குக் காலையில், பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலில் தன் அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் எழுதியதற்கு நேர் கீழே, 'இன்றே விளையாடி வெல்லுங்கள்' என்று மினுமினுக்கும் ஒரு விளம்பரம் நின்றது. அவர் மகன் எனக்குப் போன் செய்து, "அண்ணே, அப்பா அதைப் பார்த்துட்டு போனை வச்சுட்டாரு, ஒண்ணுமே பேசலை" என்றார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆத்திரத்தில் அன்று மதியமே கதவைச் சாத்தினேன். இலவசமாகக் கிடைத்த ஒரு படப்புதிர் சேவையைக் கொண்டுவந்து படிவத்தில் ஒட்டினேன். 'நான் ரோபோ இல்லை' என்று டிக் போடச் சொல்லி, அப்புறம் ஒன்பது கட்டம் காட்டி இதில் எதில் சிக்னல் விளக்கு இருக்கிறது, எதில் பஸ் இருக்கிறது என்று கேட்குமே, அதுதான். கூடவே குப்பைச் செய்திகளைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் ஒரு வடிகட்டியும் போட்டேன். ரெண்டே நாளில் குப்பை நின்றது. ஜனவரி முழுக்க ஒரு ரம்மிகூட உள்ளே வரவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கடைக்கு வருகிற நண்பர்களிடம் எல்லாம் அதைக் காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

பிப்ரவரியில் ரெண்டு பேர் எழுதினார்கள். மார்ச்சில் ஒருவர். 60 வருஷ நினைவு நாள் முடிந்துவிட்டது, ஜனங்கள் மறந்துவிட்டார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சின்னப்பாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மே மாதம் ஒரு காலேஜ் பெண் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தது. பில் போடும்போது என் பெயரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, புயல் கதை சேர்க்கிறது நீங்கதானா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். "எங்க அப்பத்தா அனுப்பினது ஏன் வரவே இல்லை? நல்லா இல்லைன்னு எடுத்துட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியைத் தேடினேன், அப்படி ஒரு பெயரே இல்லை. எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டால் பொங்கலுக்கு அப்புறம் என்கிறது. நாலு மாசம். நாலு மாசமாக ஒரு கிழவி, நான் சொன்னது அந்தத் தம்பிக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பாம்பன் போய், அங்கிருந்து சின்னப்பாலத்துக்குப் போனேன்.

அந்த ஆத்தாவுக்கு 68 வயசு இருக்கும். இன்னமும் பாசிக்குப் போகிறது. சின்னப்பாலத்துப் பெண்கள் குருசடைத் தீவுப் பக்கம் கடலில் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பறிப்பார்கள். விரலில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள், இருந்தாலும் பாறை பாறைதானே. நான் போனபோது வாசலில் பாசி காயப்போட்டிருந்தது. ஆத்தா என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டது. அந்தக் கையை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். பத்து விரலின் நுனியும் தேய்ந்து, தோல் காய்ந்த பனங்கொட்டை மாதிரி இறுகி, ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு. ரேஷன் கடையில் இந்த விரலை மிஷின் எடுப்பதே இல்லை, மகன்தான் போய் வாங்கி வருவான் என்று பேத்தி சொன்னது.

"ஆத்தா, அன்னைக்கு எப்படி அனுப்பினீங்களோ அப்படியே ஒரு தடவை எனக்கு முன்னால செய்யுங்க" என்றேன்.

பேத்தி போனை எடுத்துப் படிவத்தைத் திறந்தது. முதலில் டிக். அங்கேதான் முதல் பிசகு, அதை நான்தான் செய்து வைத்திருந்தேன், டிக் கட்டத்தைப் படிவத்தின் தலையில் வைத்திருந்தேன். டிக் போட்டதும் படங்கள் வந்தன. பேத்தி வேகமாகத் தட்டி முடித்துவிட்டது. அப்புறம் ஆத்தா சொல்லச் சொல்ல பேத்தி டைப் அடித்திருக்கிறது, அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆனதாம், நடுவில் ஆத்தா ரெண்டு தடவை அழுததாம். எல்லாம் முடித்து 'அனுப்பு' தட்டினால், 'சரிபார்ப்பு காலாவதியாகிவிட்டது' என்று வந்திருக்கிறது. அந்தச் சேவை புதிரை விடுவித்தவருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டுக்கு ஆயுள் இரண்டே நிமிஷம். ரெண்டு நிமிஷத்தில் என்ன எழுத முடியும்? 'நன்றி, அருமை' எழுதலாம். பக்கம் மறுபடி திறந்தபோது எழுதின கட்டம் காலியாக இருந்திருக்கிறது. அடித்ததை எங்கேயாவது சேமித்து வைக்கும்படி நான் எழுதியிருக்கவில்லை, அதற்கு நாலு வரி போதும், ஆனால் எனக்குத் தோன்றவே இல்லை.

பேத்தி காலேஜ் போய்விட்ட இன்னொரு நாள் ஆத்தா தானே முயன்றிருக்கிறது. குரலைப் பதிந்தால் எழுத்தாக மாற்றும் வசதி போனில் இருப்பது தெரிந்து, அதில் பேசி, கொஞ்சத்தைக் கட்டத்தில் சேர்த்திருக்கிறது. "அன்னைக்குத்தான் தம்பி பாலம் கேட்டான்" என்றது.

எனக்கு அதையும் பார்க்க வேண்டியிருந்தது. ரெண்டு மூன்று தடவை புதுப்பித்ததில் அதே மாதிரி புதிர் வந்தது. பாலம் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும். ஆத்தா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தது. வெளிநாட்டு ஊர் ஒன்றில் எடுத்த படங்கள். அகலமான ரோடு, மேலே குறுக்காக இன்னொரு ரோடு, கீழே கார்கள். நம்ம பாஷையில் மேம்பாலம். ஆத்தா எதையும் தொடவில்லை.

"இதுல பாலம் எங்கய்யா இருக்கு? எல்லாம் ரோடுதான. தண்ணி இல்லாம என்ன பாலம்?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து போனால் 1914இல் திறந்த ரயில் பாலம் தெரிந்தது, பக்கத்திலேயே 1988இல் திறந்த ரோட்டுப் பாலம், இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதுத் தூக்குப் பாலம். அந்த ஆத்தா பிறந்ததிலிருந்து பார்த்த மூன்று பாலமும் கடல் மேலே கட்டினது. 64இல் அலை அடித்து முதல் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் போனதைச் சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளை. பாலம் என்றால் என்ன என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க எவனுக்கு இருக்கிறது தகுதி? ஆனால் படிவம் சொன்னது, மீண்டும் முயலவும். அடுத்த படம் வந்தது, ரோட்டோரம் சிவப்பாகக் குட்டையாக ஒரு குழாய், தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயாம். ராமநாதபுரம் ஜில்லாவில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஆத்தா ஊகமாக ஒரு கட்டத்தைத் தொட்டது. விரல் பட்டது போனுக்குத் தெரியவில்லை. மறுபடி அழுத்தியது. மூன்றாவது தடவை நகத்தின் ஓரத்தால் தட்டிப் பார்த்தது. காதால் கேட்டு எழுதும் வழியும் இருக்கிறதே என்று ஹெட்போன் படத்தைத் தொட்டுக் காட்டினேன், அதில் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. ஆத்தா போனைத் தரையில் வைத்துவிட்டது.

"ரோபோவா இருந்தா மட்டும் உள்ள விடுவாங்களோ என்னமோ" என்று பேத்திதான் சொன்னது. அது சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

யாரை நிறுத்த வைத்த கதவு

அன்று ராத்திரி தூங்கவில்லை. கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உட்கார்ந்து, படிவம் பதிந்து வைத்திருந்த கணக்கை எல்லாம் தோண்டினேன். படிவத்தைத் திறந்தவர்கள், எழுத ஆரம்பித்தவர்கள், அனுப்பு தட்டி முடியாமல் திரும்பினவர்கள். நாலு மாசத்தில் எத்தனை பேர் என்று இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. வடிகட்டியின் குப்பைப் பெட்டியையும் கிளறினேன். அதில் மாத்திரை விளம்பரங்களுக்கு இடையில் நாலு நல்ல செய்திகள் கிடந்தன, நாலும் தமிழில். ஒருவர் மண்டபத்திலிருந்து எழுதியிருந்தார், புயலுக்கு மறுநாள் அவர் அப்பா கரையில் எத்தனை பேரைத் தூக்கினார் என்று. அந்த வடிகட்டி 15 நாளுக்கு மேல் பழைய குப்பையைத் தானாகவே அழித்துவிடும் விதமாக இருந்தது. அதற்கு முந்தின மூன்றரை மாசக் குப்பையில் யார் யார் இருந்தார்கள் என்பது இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

ஏன் தமிழை மட்டும் அப்படித் தள்ளியது? இந்த மாதிரி வடிகட்டிகள் வார்த்தைகளை எண்ணிப் பழகுகின்றன. குப்பையில் அடிக்கடி வரும் வார்த்தை எது, நல்ல செய்தியில் அடிக்கடி வருவது எது என்று கணக்கு வைத்துக்கொண்டு, புதிதாக வருவதை எடை போடும். அது பழகியதெல்லாம் இங்கிலீஷ். 'கரைவலை' என்றால் அதற்கு என்ன தெரியும்? அது தவிர நம்ம மொழிக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. புயல், புயலில், புயலால், புயலுக்கு, புயலோடு, எல்லாம் நமக்கு ஒரே வார்த்தை, எந்திரத்துக்கு அஞ்சு வேறு வேறு வார்த்தைகள். ஆகவே நூறு செய்தி கொடுத்தாலும் அதற்குப் பழக்கம் வராது. பிறகு நான் வார்த்தையின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கற்றுக்கொடுத்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. நாமே உட்கார்ந்து நம்ம சொல்லைக் கற்றுத் தராவிட்டால் எந்த வடிகட்டியும் நம்மை அந்நியனாகத்தான் பார்க்கும்.

அந்தப் படப்புதிரைப் பற்றியும் அன்று ராத்திரிதான் உருப்படியாகப் படித்தேன், ஒட்டுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது. இந்த மாதிரிப் புதிருக்குக் கேப்சா என்ற பெயரை வைத்தது அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து லூயிஸ் வான் ஆனும் அவர் கூட்டாளிகளும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மனுஷனுக்குச் சுலபமாகவும் எந்திரத்துக்குக் கஷ்டமாகவும் உள்ள ஒன்றைக் கேள். கோணல் எழுத்தில் ஆரம்பித்து, 2007இல் பழைய புத்தகங்களின் மங்கின வார்த்தைகளை ஜனங்களையே படிக்கவைத்து, 2009இல் அதைக் கூகுள் வாங்கி, அப்புறம் தெருப் படங்களுக்கு வந்தது. கண் தெரியாதவர்களை இது வெளியே நிறுத்துகிறது என்று வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி 2005லேயே ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது. 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் 1,400 பேரை வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள்: கோணல் எழுத்துப் புதிரை விடுவிக்க மனுஷருக்கு 9 முதல் 15 விநாடி பிடிக்கிறது, அதிலும் பல தடவை தப்பாகிறது, பாட்கள் என்கிற தானியங்கி நிரல்களோ ஒரு விநாடிக்குள் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சரியாகச் செய்துவிடுகின்றன. அதாவது கதவுக்கு வெளியே நின்றது அந்த ஆத்தா. திருடன் நினைத்தால் உள்ளே வரலாம்.

இன்னொன்று படித்தபோதுதான் ரொம்பச் சங்கடமாக இருந்தது. புதிரை எந்திரம் விடுவிக்காவிட்டால் மனுஷரை வைத்து விடுவிக்கிறார்கள். அதற்கென்று சந்தையே இருக்கிறது. சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் அந்தச் சந்தையை அலசியிருக்கிறார்கள், ஆயிரம் புதிர் விடுவித்தால் அரை டாலர் வரைக்கும் கூலி இறங்கியிருந்ததாம். அந்த வேலையில் இந்தியர்களும் உண்டு. ஏதோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை ராத்திரி கண் விழித்துக் கட்டங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறது, இங்கே ஒரு கிழவி அதே கட்டத்தைத் தட்ட முடியாமல் போனைத் தரையில் வைக்கிறது. நடுவில் நான் ஒரு கதவை மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

செலவு யார் தலையில்

குப்பை அனுப்புகிறவனுக்கு எங்கள் கதையில் ஒரு அக்கறையும் இல்லை, அவன் அதைப் படிப்பதுகூட இல்லை. எங்கெல்லாம் பெயர், செய்தி, அனுப்பு என்று கட்டங்கள் இருக்கிறதோ அங்கெல்லாம் அவனுடைய நிரல் போய் இணைப்பைக் கொட்டும். நிறைய இடத்தில் இணைப்பு இருந்தால் தேடலில் மேலே வரலாம் என்ற கணக்கு. அப்படிக் கொட்டும் இணைப்புகளுக்கு மதிப்புக் கொடுக்க மாட்டோம் என்று கூகுளும் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2005லேயே ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். அப்படியும் நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம், அனுப்ப அவனுக்குக் காசே ஆவதில்லை. 1978 மே மாதம், அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை ஆள் நானூறு பேருக்கு விளம்பர மெயில் அனுப்பினார், அதைத்தான் முதல் ஸ்பேம், அதாவது முதல் குப்பை மெயில் என்பார்கள். அந்த முகவரிகளையெல்லாம் கையால் அடிக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பாவது அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு நானூறு என் ஒருவன் பெட்டிக்கு ஒரே ராத்திரியில் வருகிறது. அவன் செலவழிக்காததை யாராவது செலவழித்துத்தான் ஆகவேண்டும். டிசம்பரில் நான் செய்தது, அந்தச் செலவு மொத்தத்தையும் எழுத வருகிறவர் தலையில் வைத்தது. அதைத்தான் எடுத்து என் தலையில் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன்.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நண்பனிடம் சொன்னேன். "இதுக்கு ஏன்டா இவ்வளவு, போன் நம்பர் வாங்கி ஓடிபி போடு, முடிஞ்சுது" என்றான். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பது இன்னமும் உண்டு, அதையும் பல நாள் மகன் கடலுக்குக் கொண்டுபோய்விடுவான். அது போக, யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்று பேங்கிலிருந்து டீக்கடை வரைக்கும் பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம், அந்த ஜனங்களிடம் போய் நானே ஓடிபி கேட்டால் என்னை நம்புவார்களா? குப்பை வரும் ஐபி முகவரியை, அதாவது அது எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று காட்டும் எண்ணை, தடுத்துவிடு என்றான் இன்னொருவன். அதை முன்னாலேயே செய்து பார்த்திருக்கிறேன். மொபைல் கம்பெனிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்களை வைத்திருக்கின்றன. ஒரு முகவரியைத் தடுத்த மறுநாள், பக்கத்துக் கடை அண்ணன் போனிலும் என் போனிலும் படிவம் திறக்கவில்லை.

படப்புதிரை எடுத்தேன். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொய்க் கட்டம் வைத்தேன். மனுஷர் அதைப் பார்க்க மாட்டார்கள், நிரல் எல்லாக் கட்டத்தையும் நிரப்பும், நிரப்பினால் குப்பை. இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, யாராவது செய்யப்போகிறீர்கள் என்றால் கவனியுங்கள். அந்தக் கட்டத்துக்கு மின்னஞ்சல், முகவரி என்கிற மாதிரிப் பெயர் வைத்தால், சில போன்கள் உதவி செய்வதாக நினைத்துத் தானாகவே நிரப்பிவிடும், பாவம், மனுஷர் மாட்டிக்கொள்வார். சம்பந்தமே இல்லாத பெயர் வையுங்கள். கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் செயலி அதையும் படிக்கும், ஆகவே 'இதைக் காலியாக விடவும்' என்று தமிழில் எழுதி வையுங்கள். அப்புறம், பக்கம் திறந்து நாலு விநாடிக்குள் வந்து விழும் செய்தியை ஒதுக்கி வைத்தேன், நாலு விநாடியில் யாரும் புயலைப் பற்றி எழுதுவதில்லை. அடிப்பது அந்தந்த போனிலேயே சேமிப்பாகும்படி செய்தேன். எதையும் நான் படிக்காமல் வெளியிடுவதில்லை, நான் பார்க்காமல் எதுவும் அழிவதும் இல்லை.

தமிழ் எழுத்து ஒன்றாவது இருந்தால்தான் ஏற்பது என்று ஒரு விதி போட்டுப் பார்த்தேன். அற்புதமாக வேலை செய்தது, பெருங்குப்பை போய்விட்டது. அடுத்த வாரமே வளைகுடாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், வாப்பா சொன்னதை ராத்திரி உட்கார்ந்து அடித்தேன், போகவில்லையே என்று. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறவர். அந்த விதியையும் எடுத்தேன். உள்ளூர்க் கேள்வி ஒன்று வைக்கலாம் என்று 'நண்டுக்கு எத்தனை கால்' என்று போட்டதில், எட்டு என்று பாதிப் பேரும், கொடுக்கையும் சேர்த்துப் பத்து என்று மீதிப் பேரும் எழுதினார்கள், ரெண்டும் சரிதான். அதுவும் போயிற்று.

மீதி எல்லாம் கை வேலை. பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகு வந்ததும் பெண்கள் உட்கார்ந்து சங்காயக் குவியலைக் கிளறுவார்களே, குப்பை மீனுக்கு நடுவில் ஒரு இறால், ஒரு கணவாய் என்று விரல் தானாகப் பொறுக்கும். காலையில் கடை திறக்கும் முன்னால் நான் அப்படித்தான் அரை மணி நேரம் உட்காருகிறேன். கொஞ்ச நாளில் விரலுக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த வருஷம் புதிதாக ஒன்று வர ஆரம்பித்திருக்கிறது, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நல்ல தமிழில், பிழையே இல்லாமல், எந்திரம் எழுதின நினைவுகள். 'என் தாத்தா தனுஷ்கோடியில் மீனவராக இருந்தார், அந்த இரவை அவர் மறக்கவே இல்லை' என்று ஆரம்பிக்கும், கடைசி வரியில் ஏதாவது ஒரு ஹோட்டல் இணைப்பு. ஒன்றை நான் வெளியிடப் போய்விட்டேன். 'மலையடிவாரத்தில் இருந்த எங்கள் வீடு' என்ற வரியில் கை நின்றது. தனுஷ்கோடியில் ஏது மலை, ரெண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். நாளைக்கு அந்த மலையும் வராது, மணல் என்றே சரியாக எழுதும். அப்போது என்ன செய்வேன்? சந்தேகம் வந்தால் போன் செய்கிறேன், போன் நம்பர் இல்லையென்றால் அந்த ஊரில் தெரிந்தவரிடம் விசாரிக்கிறேன். இறந்தவர்களுடைய ஊரில் இல்லாத தாத்தாவைக் கொண்டுவந்து குடியேற்ற நான் விடமாட்டேன்.

மறுபடி சின்னப்பாலம்

ஆடி மாசம் மறுபடி போனேன். ஆத்தா முதலில் பேச மறுத்தது. "அத்தனையும் போச்சுல்ல தம்பி. ரெண்டாந்தரம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை." நான் வற்புறுத்தவில்லை. சாயா குடித்தோம். காய்ந்த பாசியைப் பேத்தி சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தது. நேரம் போய், வெயில் தாழ்ந்த பிறகு அதுவாகவே ஆரம்பித்தது. பேத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்து அடித்தது, நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். விடிந்ததும் தண்டவாளத்து ஓரமாகவே ராமேஸ்வரத்துக்கு நடந்தார்களாம், தண்டவாளம் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்ததாம்.

"எங்கம்மா நடக்க நடக்க எங்களை எண்ணிக்கிட்டே வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. திரும்பவும் ஒண்ணு, ரெண்டு, மூணு. ஊரு வர்ற வரைக்கும் நிறுத்தலை. நாங்க நாலு பேரு."

பேத்தி அடிப்பதை நிறுத்திவிட்டு ஆத்தாவைப் பார்த்தது. அந்த நாலாவது ஆளைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாரும் பேசினதில்லை.

முடிந்ததும், "நான் வேணும்னா கடைக்குப் போய் ஏத்திடுறேன் ஆத்தா" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டியது. எல்லோரும் எப்படி அனுப்புகிறார்களோ அப்படியே போகட்டும் என்றது. பேத்தி போனை நீட்டப் பிடித்தது. ஆத்தா விரலை அழுத்தியது, படவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி விரலை நனைத்து முந்தானையில் ஒற்றிக்கொண்டு மறுபடி அழுத்தியது. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"போயிருச்சா?"

"வந்துருச்சு ஆத்தா" என்று எடுத்துக் காட்டினேன். வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தன் பெயர் இருக்கிற இடத்தைப் பேத்தியிடம் கேட்டுக் கேட்டுத் தேடியது.